ஆஸ்பத்திரியில் போட்ட அந்தக் கையெழுத்து

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துவிட்டு, 50,000 ரூபாய் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே போய்விட்டார். ஆத்திரத்தில் என் மச்சான் அங்கே கண்ணாடியை உடைத்துவிட்டார், எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். 3 லட்சம் தருகிறோம், சமாதானமாகப் போங்கள் என்கிறார்கள். அந்த டாக்டர் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

பதில்: அட்வான்ஸ் கேட்டது இருக்கட்டும். அனுப்பும் முன் முதலுதவி செய்தார்களா? கோர்ட் பார்ப்பது அதைத்தான். அரசோ தனியாரோ, உயிர் காக்கும் சிகிச்சையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் வரவில்லை என்று சிகிச்சையை நிறுத்திய கொல்கத்தா மருத்துவமனை 10 லட்சம் தர 2005-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம்தான். காகிதம் அவர்கள் பக்கம். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் பெரும்பாலும் 'டாக்டர் சொல்லியும் கேட்காமல் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்றுதான் இருக்கும். என்னிடம் வரும் குடும்பங்கள் விழுவது இந்த இடத்தில்தான். நடுராத்திரியில் யாரும் அதைப் படிப்பதில்லை. விசாரணையில் முதலில் எடுத்து வைக்கப்படுவது அதுதான். போஸ்ட்மார்ட்டமும் செய்யாமல் அடக்கம் செய்திருந்தால், சாவுக்குக் காரணமே தாமதம்தான் என்று நிரூபிப்பது இன்னும் கஷ்டம்.

அதை உடைக்க உங்களிடம் இருப்பது நேரக்கணக்கு. இசிஜி தாளின் ஓரத்தில் நேரம் அச்சாகியிருக்கும். அதற்குக் கட்டிய பணத்தின் ரசீது, 108-க்குப் போன் போன நேரம், அதைச் செய்தது யார் என்பது, இவற்றையெல்லாம் வரிசையாக வையுங்கள். கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பு) நகலை எழுத்துமூலம் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் தர வேண்டும். சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே நோட்டீஸ் அனுப்புங்கள். சமாதானப் பேச்சு அதற்குப் பிறகுதான். சமாதானத்தில் கையெழுத்தான பின் ஒரு தாள்கூட வெளியே வராது.

டாக்டரை ஜெயிலுக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, வேறொரு டாக்டரின் கருத்து இல்லாமல் கிரிமினல் வழக்கு நகராது. மச்சான் வழக்கோ நிஜமாகவே ஆபத்து. மருத்துவமனைகளைத் தாக்குவதற்கென்றே 2008-ல் வந்த தமிழ்நாடு சட்டத்தில் போட்டிருந்தால், அது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்; கோர்ட் மனது வைத்தால்தான் கிடைக்கும்.

முதலுதவி செய்ததாக கேஸ் ஷீட்டில் இருந்து, அதைப் பொய்யென்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லையென்றால், தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மச்சான் மீதான 'புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்' என்ற ஆஸ்பத்திரியின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஸ்டேஷனில் வாபஸ் வாங்கினால் எஃப்.ஐ.ஆர். செத்துவிடாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். அதை ரத்து செய்ய ஆட்சேபணை இல்லை என்ற அவர்களுடைய பிரமாணப் பத்திரம் கைக்கு வந்த பிறகே பணத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். முதலுதவியே இல்லையென்று தெரிந்தால், 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.