90 ஆயிரம் கட்டுறதுக்கு முன்னாடி கேன்டீன் க்யூவுல ஒரு ரவுண்டு

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆர்மியில 17 வருஷ சர்வீஸ் முடிச்சு வர்ற மார்ச்ல பென்ஷன் வர்றார். வயசு 37, ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கார். சென்னையில ஒரு இன்ஸ்டிட்யூட்ல "எக்ஸ் சர்வீஸ்மேனுக்குன்னே லாஜிஸ்டிக்ஸ் கோர்ஸ், 100 சதவீதம் பிளேஸ்மென்ட்"னு சொல்லி 90 ஆயிரம் கேக்குறாங்க. கட்டலாமா? இந்த மாதிரி கோர்ஸ் நிஜமாவே வேலை வாங்கித் தருதான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? – பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: தங்கச்சி, இப்போதைக்குக் கட்டாதீங்க. நானும் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வந்தவன்தான், வந்த புதுசுல இதே மாதிரி ஒரு எடத்துல காசைக் கட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கினேன், அது இன்னும் பீரோவுல பத்திரமா இருக்கு.

அந்த 100 சதவீதம் எதுல 100னு மொதல்ல கேளுங்க. 40 பேர் சேர்ந்து, 15 பேர் பாதியிலயே நின்னு, மிச்சம் 25 பேருக்கு ஏதோ ஒரு வேலை கிடைச்சா அதையும் 100ன்னுதான் போர்டுல எழுதுவாங்க, நின்னு போன 15 பேர் கணக்குலயே வரமாட்டாங்க. அந்த "ஏதோ ஒரு வேலை" என்னன்னும் பாக்கணும். செக்யூரிட்டி வேலைன்னா அதுக்கு எதுக்கு கோர்ஸ்? நம்ம ஆளுங்களை அந்த மாதிரி வேலைக்கு அனுப்பத்தான் 1986-ல இருந்து டெக்ஸ்கோன்னு தமிழ்நாடு அரசு கார்ப்பரேஷனே இருக்கு. கோர்ஸ் படிக்காதவருக்கும் அதே வேலை கிடைச்சிருக்கும்னா அந்த கோர்ஸ் ஒண்ணும் பண்ணலைன்னுதானே அர்த்தம், இதைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. அதுவும் இல்லாம கோர்ஸுக்குப் போறவர் ஏற்கனவே ஆர்வமா வேலை தேடுற ஆளு, அவர் எப்படியும் எங்கேயாவது சேர்ந்திருப்பார், பேர் மட்டும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகுது.

இதுல பெரிய பெரிய ஸ்கீமே தடுமாறுது. அமெரிக்காவுல பட்டாளத்தை விட்டு வர்றவங்க பெரும்பாலும் எல்லாரும் வேலைக்கான ஒரு கிளாஸ்ல கண்டிப்பா உக்காரணும்னு 2011-ல சட்டமே போட்டாங்க, ஆனா எத்தனை பேர் உக்காந்தாங்கன்னு கணக்கு வைக்கிற அளவுக்கு அதனால என்ன நடந்துச்சுன்னு பாக்கலைன்னு அவங்க ஆடிட் ஆபீஸே குத்திக் காட்டியிருக்கு. நம்ம ஊர்லயும் கதை அதேதான். மத்திய அரசு குரூப் சி (கிளார்க் மாதிரி) வேலையில 10 சதவீதம், பொதுத்துறை பேங்க் கிளார்க் வேலையில 14.5 சதவீதம் எக்ஸ் சர்வீஸ்மேனுக்குன்னு பேப்பர்ல இருக்கு, ஆனா உள்ள நிஜமா இருக்கிறவங்க எத்தனை பேர்னு பார்லிமென்ட்ல கேட்டப்போ வந்த பதிலைப் பாத்தா அந்த அளவை எட்டவே இல்ல.

அதனால நீங்களே ஒரு சின்ன சர்வே எடுங்க. இன்ஸ்டிட்யூட்காரங்க குடுக்கிற நம்பருக்கு போன் பண்ணாதீங்க, அவங்க நல்லா பேசுற ஆளாப் பாத்துதான் குடுப்பாங்க. வேலூர் மிலிட்டரி கேன்டீன்ல மாசாமாசம் க்யூ நிக்குதுல்ல, அங்க போய் போன வருஷம், அதுக்கு முந்துன வருஷம் பென்ஷன் வந்தவங்களைக் கேளுங்க, நம்ம வேலூர் பக்கம் பட்டாளத்துக்காரங்களுக்கா பஞ்சம்? என்ன கோர்ஸ் படிச்சீங்க, ஒரு வருஷம் கழிச்சும் அதே வேலையில இருக்கீங்களா, வாடகையும் பஸ் செலவும் போக கையில எவ்வளவு நிக்குதுன்னு கேளுங்க. கோர்ஸே படிக்காத நாலு பேரையும் மறக்காம கேளுங்க. ரெண்டு பக்கமும் ஒரே சம்பளம்னா 90 ஆயிரம் மிச்சம்.

இன்னொரு விஷயம், டிஜிஆர்னு சொல்ற ரீசெட்டில்மென்ட் டைரக்டரேட் நடத்துற கோர்ஸுக்கு ஜேசிஓ (சுபேதார் மாதிரி ரேங்க்), ஜவான்களுக்கு பீஸை அரசாங்கமே கட்டிடுது. ஆனா சர்வீஸ்ல இருக்கும்போதே யூனிட் மூலமா கேக்கணும், மார்ச்சுக்கு எவ்வளவு நாள் இருக்குன்னு பாத்து இன்னைக்கே கிளார்க்கைப் பிடிக்கச் சொல்லுங்க. அது மட்டும் தங்கமான்னு கேட்டா, அதையும் இதே கேள்வியை வச்சுத்தான் அளக்கணும், ஆனா காசு போகாதுல்ல.

அவருக்கு ஒரு பிளஸ் இருக்கு, அது அவருக்கே தெரியுமோ என்னவோ. பத்தாவது பாஸ் பண்ணி 15 வருஷம் சர்வீஸ் போட்டிருந்தா, டிகிரி கேக்குற குரூப் சி வேலைக்கும் (டெக்னிக்கல் படிப்போ அனுபவமோ கேக்காத வேலையா இருந்தா) அவரை டிகிரி முடிச்சவர் மாதிரி எடுத்துக்கிறாங்க. வயசுல சர்வீஸைக் கழிச்சுத்தான் கணக்குப் பாப்பாங்க, 37-ல 17 போனா 20, அதனால ஏஜ் லிமிட்டும் பிரச்சனை இல்ல. பென்ஷனுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே யூனிட்ல என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி அப்ளை பண்ணலாம். வந்தவுடனே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல வேலைக்குப் பதிவு பண்ணிடணும், நிறைய பேர் கேன்டீன் கார்டு, ஈசிஹெச்எஸ்னு சொல்ற வைத்திய கார்டு வாங்குற அவசரத்துல இதை மறந்துடறாங்க.

க்யூவுல கேட்டுட்டு எனக்கு மறுபடி எழுதுங்க. அவர்கிட்ட என்ஓசி பத்தி இன்னைக்கு ராத்திரி போன்லயே சொல்லிடுங்க, கேன்டீன்ல கிடைக்கிற கோட்டா சரக்கு பாட்டிலை இப்பவே சொந்தக்காரங்களுக்கு ப்ராமிஸ் பண்ண வேணாம்னும் சேத்து சொல்லுங்க.