காது மெஷின் போனில் இணைகிறது, லேப்டாப்பில் ஏன் இணைய மாட்டேன் என்கிறது?

அப்பாவுக்கு வாங்கிய புளூடூத் காது மெஷின் போனில் உடனே இணைகிறது, விண்டோஸ் லேப்டாப்பில் பெயர்கூடக் காட்டவில்லை, ஆனால் கடையில் ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தருபவர்) கம்ப்யூட்டரில் மட்டும் எப்படி இணைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்த பதில்களில் ஒருவர் புளூடூத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் லேப்டாப்பை ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். தயவு செய்து ஃபார்மட் அடிக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் அநேகமாக ஒரு கோளாறும் இருக்காது.

நானே இரண்டு காதிலும் மெஷின் போட்டிருப்பவள். கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. கொரோனாவுக்குப் பிறகு கிளையன்ட் பேச்செல்லாம் ஜூம், டீம்ஸ் என்று ஆகிவிட்டது. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவேன். மீட்டிங்கில் எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் வருவது ‘ஃபிஃப்டீன் லேக்ஸா’, ‘ஃபிஃப்டி லேக்ஸா’ என்று எனக்குப் பிடிபடாது. எங்கள் வேலையில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

“ஹெட்ஃபோன் போட்டுக்க வேண்டியதுதானே” என்பார்கள். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெஷினின் மைக் காது மடலுக்குப் பின்னால் மேலே இருக்கிறது. ஹெட்ஃபோன் சத்தம் விடுவதோ காதுத் துளைக்கு நேரே. கப்பை மேலே தூக்கி மைக்கை மூடுகிற மாதிரி வைத்தால் ஏதோ கேட்கும், கொஞ்சம் அழுந்தினால் ‘கீ’ என்று விசில். மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனில் வால்யூமை ஏற்றினால் சத்தம் வரும், தெளிவு வராது. நம் ஆடியோகிராமுக்கு (காதைச் சோதித்துப் போட்டுத் தரும் வரைபடம்) ஏற்ப எந்த ஒலியை எவ்வளவு தூக்க வேண்டும் என்கிற கணக்கு மெஷினுக்குள்தானே இருக்கிறது.

அதனால் பழைய ஜோடி தேய்ந்து புதிது வாங்கப் போனபோது முதல் கேள்வியே இதுதான் கேட்டேன். “கம்ப்யூட்டர்ல கனெக்ட் ஆகணும்ங்க.” “புளூடூத் இருக்கு மேடம், எல்லாத்துலயும் ஆகும்.” “எந்த மாதிரி புளூடூத்?” “புளூடூத்னா புளூடூத்தான் மேடம்.” விலை லட்சத்தைத் தாண்டியது. ஜிஎஸ்டி கிடையாது என்பதைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுக்கிற தள்ளுபடி மாதிரிச் சொன்னார். காது மெஷினுக்கு நாட்டில் யாருக்குமே ஜிஎஸ்டி கிடையாது. அதை என்னிடமே சொல்கிறார்!

வீட்டுக்கு வந்தால் உங்கள் கதைதான். போனில் சட்டென்று இணைந்தது, லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. திரும்பக் கடைக்குப் போனால், அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் இணைத்துக் காட்டி, “பாருங்க, ஆகுதே” என்றார்.

அது எப்படி ஆகிறது என்றால், ஆடியாலஜிஸ்ட் மேசையில் கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி ஒயரில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும். பல கம்பெனி மெஷின்களுக்கும் பொதுவாக ‘நோவாலிங்க் வயர்லெஸ்’ என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். அது மெஷினுக்குள் இருக்கிற செட்டிங்கைப் படித்து மாற்றி எழுதுவதற்கு. ஜூம் சத்தத்தையோ பாட்டையோ அது காதுக்கு அனுப்பாது. கடைக்காரருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சரி, உண்மையான காரணத்துக்கு வருகிறேன். சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு வருகிற பழைய முறை பேட்டரியை நிறையக் குடிக்கும். காது மெஷினில் இருப்பதோ பட்டன் அளவு பேட்டரி. அதனால் பெரும்பாலான கம்பெனிகள் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ‘புளூடூத் லோ எனர்ஜி’ பக்கம் போயின. ஆனால் அதில் ஒலி அனுப்புவதற்கென்று பொது விதி அப்போது இல்லை. ஆப்பிள் தனக்கென்று ஒரு முறையைச் செய்துகொண்டது. 2014 வாக்கில் ‘மேட் ஃபார் ஐபோன்’ மெஷின்கள் கடைக்கு வந்தன. கூகுள் 2018-இல் ‘ஆஷா’ என்று தன் முறையை அறிவித்து, ஆண்ட்ராய்டு 10 முதல் போன்களில் கொடுத்தது. விண்டோஸ் இந்த இரண்டையுமே எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அப்பாவின் மெஷின் இந்த வகை என்றால் லேப்டாப்பை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் சத்தம் வராது.

இதில் விதிவிலக்கு ஃபோனாக் கம்பெனி. 2018-இல் வந்த மார்வெல் வரிசையிலிருந்து, பாட்டு வருகிற பழைய புளூடூத் முறையையே உள்ளே வைத்தார்கள். அதனால் சாதாரண ஹெட்செட் மாதிரியே விண்டோஸில் இணையும். அப்பாவுடையது அதுவாக இருந்தால் ஒரு விஷயம்: ஜூமில் மைக்காகவும் காது மெஷினையே வைத்தால், ஒலி பழைய டெலிஃபோன் தரத்துக்கு இறங்கிவிடும். ஜூம் செட்டிங்கில் ‘மைக்’ என்ற இடத்தில் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு மட்டும் மெஷினை வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

எல்லோருக்கும் பொதுவான முறை ‘எல்ஈ ஆடியோ’. 2020 ஜனவரியில் அறிவித்தார்கள், 2022-இல் விதிகள் முழுமையாயின, விண்டோஸ் 11-க்கு 2023-இல் வந்தது. ஆனால் லேப்டாப் பெட்டியில் ‘புளூடூத் 5.3’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கிற சிப், டிரைவர், மெஷின் மூன்றும் ஒத்துவர வேண்டும். செட்டிங்ஸில் புளூடூத் பகுதிக்குள் ‘டிவைசஸ்’ பக்கத்தைத் திறந்து கீழே இறங்கிப் பாருங்கள். ‘யூஸ் எல்ஈ ஆடியோ வென் அவைலபிள்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் உங்கள் லேப்டாப் தயார். அந்த வரியே இல்லையென்றால் தயாரில்லை. மெஷினும் எல்ஈ ஆடியோ வகையாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். என் மெஷின் கம்பெனியின் டிவி அடாப்டரை வாங்கினேன். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. ரிசவுண்ட், ஓட்டிகான், ஃபோனாக் என்று பெரிய கம்பெனிகள் பலவும் இதை விற்கின்றன. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனி மெஷினோடு பேசாது, அதே கம்பெனியிலும் மாடல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெயர்தான் டிவி அடாப்டர், லேப்டாப்புக்கும் அதுவே போதும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்கு, மின்சாரத்துக்கு லேப்டாப் யூஎஸ்பியிலிருந்து இன்னொரு ஒயர். விண்டோஸைப் பொறுத்தவரை ஏதோ ஹெட்ஃபோன் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புளூடூத்தில் இணைப்பது, டிரைவர் பஞ்சாயத்து எதுவும் லேப்டாப் பக்கம் இல்லை. பேசுவதற்கு லேப்டாப் மைக்.

முதல் மீட்டிங்கில் எங்கள் சீனியர் தொண்டையைச் செருமியதுகூட இரண்டு காதிலும் கேட்டது. ஒரு சிக்கல் உண்டு. ஒலி உள்ளே வரும்போது என் மெஷின் வெளிச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. குக்கர் விசில் தெரியாமல் பருப்பு அடிப்பிடித்த பிறகு, போன் ஆப்பில் வெளி மைக்கைப் பாதிக்கு ஏற்றி வைத்துவிட்டேன்.

“இந்தக் காலத்தில் ஒயரா?” என்று யாராவது கமெண்டில் வருவார்கள். வாருங்கள். நான் டெக்னீஷியன் இல்லை, நாளைக்குக் காலையில் மீட்டிங் கேட்டாக வேண்டியவள். “மேக் வாங்கு” என்றும் வருவார்கள். மேக்கில் சோனோமா என்ற மென்பொருள் பதிப்பிலிருந்து, எம்2 போன்ற புதிய சிப் உள்ளவற்றில், ஐபோன் வகை மெஷின் நேரடியாக இணையும் என்பது உண்மைதான். மெஷினுக்கு லட்சம், அதற்குப் பொருத்தமாக லேப்டாப்புக்கு இன்னொரு லட்சமா?

செலவே வேண்டாம் என்றால், மீட்டிங்கில் ஒலியைப் போனிலும் படத்தை லேப்டாப்பிலும் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் ஒலியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி. அப்பாவின் மெஷினில் டெலிகாயில் (காந்த அலையாக வரும் ஒலியைப் பிடிக்கும் சின்னக் கம்பிச்சுருள்) இருந்தால் கழுத்தில் போடுகிற லூப் ஒன்றும் உண்டு, பழைய முறை, ஆனால் வேலை செய்யும். மானிட்டர், சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்தால் ‘உம்’ என்று இரையும்.

செலவு என்றதும் வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது, எழுதிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்றால் இரண்டு காதிலும் பேச்சொலி அளவில் 60 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். எனக்கு ஐம்பதுகளில் நிற்கிறது. மெஷின் இல்லாமல் பக்கத்து மேசையில் பேசுவது புரியாது, ஆனால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாததால் வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவும் கிடையாது. ஊருக்கெல்லாம் அந்தக் கழிவைப் போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவள் நான். என் மருத்துவக் காப்பீட்டிலும் மெஷினைச் சேர்க்கவில்லை. கண்ணாடி போட்டால் “பவர் எவ்வளவு?” என்று சாதாரணமாகக் கேட்கிற உறவினர்கள், இதைப் பார்த்தால் அம்மாவிடம் தனியாகப் போய் விசாரிக்கிறார்கள். இதையும் நீங்கள் கேட்கவில்லை. விடுங்கள்.

உங்களுக்கு: முதலில் மெஷினின் மாடல் பெயரைப் பாருங்கள், வாரண்டி அட்டையில் இருக்கும். அது எந்த வகை, அதற்கு டிவி அடாப்டர் உண்டா என்று கம்பெனியின் தளத்திலேயே பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். உங்கள் லேப்டாப்பையும் கூட எடுத்துப் போய், அங்கேயே ஒரு வீடியோவை ஓட்டி, அப்பா கேட்கிறது என்று சொன்ன பிறகு பணம் கொடுங்கள். அடாப்டர் ஒயரை ஹெட்ஃபோன் துளையில் செருகிவிட்டால் லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தம் வராது. பேரன் வீடியோ காலில் பேசுவது அப்பாவுக்கு மட்டும் கேட்கும், அம்மாவுக்குக் கேட்காது. அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.