லேப் குட்டிக்குப் பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா?

கேள்வி: டாக்டர், திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லேப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது, ஆண், 16 கிலோ. பெட் ஷாப்பில் லூஸாக நிறுத்துக் கொடுக்கும் ட்ரை ஃபுட்தான் போட்டுக்கொண்டிருந்தோம். பல வருஷமாக நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர், அதெல்லாம் வெறும் மக்காச்சோள மாவு, நாய்க்குப் பச்சைக் கறிதான் இயற்கை உணவு என்றார். மூன்று வாரமாகக் கோழிக் கழுத்து, ஆட்டு ஈரல், நுரையீரல் எல்லாம் பச்சையாகவே போடுகிறோம். ஆசையாகச் சாப்பிடுகிறான், மலமும் கொஞ்சமாக, கெட்டியாகப் போகிறான். ஆனால் வீட்டில் மூன்று வயது மகள் இருக்கிறாள், சர்க்கரை நோய் உள்ள அம்மா இருக்கிறார். மனதில் ஒரு பயம். எதைத் தொடர்வது?

பதில்: ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், இது மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிறைந்த நீர்க்கட்டிகள் இருக்கும், கறிக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், வெட்டும்போது கண்ணில் பட்டால் அந்தத் துண்டைத் தூர எறிந்துவிடுவார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் அது வளர்ந்து, ஏறத்தாழ ஆறு வாரத்தில் முட்டை போட ஆரம்பிக்கும். அந்த முட்டை மலத்தோடு வெளியே வந்து, நாயின் ரோமத்தில் ஒட்டி, குட்டியைக் கட்டிப்பிடித்து விளையாடும் உங்கள் மகளின் கையில் ஏறி, கையில் இருந்து வாய்க்குப் போனால், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி மனிதருக்கும் ஈரலில், நுரையீரலில் வரும், அதுவும் வருஷக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் மெல்ல வளரும். நாய்க்கோ ஒன்றுமே தெரியாது, கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மூன்று வாரத்தில் கேட்டுவிட்டீர்கள், நல்லது, முட்டை வெளியேறும் காலம் இன்னும் வரவில்லை. இந்த வாரமே டாக்டரிடம் போய், பிராசிகுவான்டல் கலந்த பூச்சி மருந்தை எடைக்கேற்பக் கொடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாக உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் எல்லா மருந்துகளும் இந்த நாடாப்புழுவைக் கொல்லாது, அதனால் "பச்சை ஈரல், நுரையீரல் கொடுத்தோம்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில், இந்த வயதுக் குட்டிக்கு, பச்சைக் கறி வேண்டாம். பாக்கெட் பிரிக்காத நல்ல ட்ரை ஃபுட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் வேகவைத்த கறியோ முட்டையோ சேருங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ட்ரை ஃபுட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து இருப்பது சாதாரணம், இயந்திரத்தில் அழுத்திப் பொரித்தது போல உப்பி வருவதற்கே அந்த மாவு தேவை. பாக்கெட்டில் புரதம் 24 சதவீதம் என்றும் கோழிக்கறியில் 20 சதவீதம் என்றும் பார்த்தால் பாக்கெட்தான் உசத்தி போலத் தெரியும், ஆனால் பாக்கெட்டில் ஈரம் 10 சதவீதம்தான், பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை நீக்கிக் கணக்குப் போட்டால் பாக்கெட்டில் 27, கறியில் 80. கறி நன்றாகச் செரிக்கும், கழிவு குறையும், மலம் குறைவதற்கு அது ஒரு காரணம். கெட்டியாகப் போவதற்கு இன்னொரு காரணம் கழுத்தெலும்பு. மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், முக்கிக்கொண்டு கஷ்டப்படுவதை ஆரோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் "நாயும் ஓநாய்தானே, பச்சைக் கறிதானே இயற்கை" என்கிற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான், நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தது தெரியவந்தது. மனிதன் விவசாயம் செய்து சாப்பிட்டதையே நாயும் தின்று பழகிய கதை அதன் உடம்பிலேயே இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் கேப்பைக் கூழும் மோர்ச்சோறும் குடித்து வளர்ந்த நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமே இல்லை. தெருநாய் குப்பையில் பச்சைக் கழிவைத் தின்றுவிட்டு நன்றாகத்தானே திரிகிறது என்றும் கேட்பார்கள். நம் கண்ணில் படுவது பிழைத்த நாய், அதோடு பிறந்த மற்ற குட்டிகள் எங்கே போயின என்று யாரும் பார்ப்பதில்லை.

கோழிக்கடையை ஒருமுறை நின்று கவனியுங்கள். கோழியை அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, இறகு பிடுங்கும் டிரம்மில் போடுவார்கள், அந்த டிரம்மில்தான் ஒரு கோழியின் குடலில் இருக்கும் கிருமி அடுத்த பத்துக் கோழியின் தோலில் ஏறுகிறது. பிறகு அதே கட்டை, அதே கத்தி, 35 டிகிரி வெயிலில் கொஞ்ச நேரம், அப்புறம் கேரி பேக்கில் சுற்றி வண்டியில் வீட்டுக்கு. நமக்கு அது பிரச்சினையில்லை, ஏனென்றால் நாம் அதைக் குழம்பில் கொதிக்க விடுகிறோம். கோழிக் கடையின் சங்கிலி முழுவதும் கடைசியில் அடுப்பு இருக்கிறது என்கிற நம்பிக்கையில்தான் நடக்கிறது, நாய்க்குப் பச்சையாகப் போடும்போது அந்தக் கடைசிக் கட்டத்தை நாம் எடுத்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் நாய்க்கென்றே தயாரித்து உறையவைத்து விற்கும் பச்சைக் கறியிலும் இந்தப் பிரச்சினை தீரவில்லை. நெதர்லாந்தில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 35 பொருள்களைச் சோதித்தார்கள், 19-ல் லிஸ்டீரியா, 7-ல் சால்மோனெல்லா என்ற நோய்க் கிருமிகள், 28-ல் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்த 196 பச்சை மாதிரிகளில் 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா. ஃப்ரீசரில் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மோனெல்லா சாகாது, தூங்கும், கறி இளகியதும் எழுந்துகொள்ளும். பல நாய்கள் இதைத் தின்றும் நோய்ப்படாமல் மலத்தில் மட்டும் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்த வாய்தான் உங்கள் மகளின் முகத்தை நக்குகிறது, அந்தத் தட்டைக் கழுவும் சிங்க்கில்தான் அம்மாவின் டம்ளரும் கிடக்கிறது. சிறு குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தாலும் நான் பச்சைக் கறிக்குச் சம்மதிக்க மாட்டேன். உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கோழிக் கழுத்து பற்றி இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்காலில் தொடங்கி உடம்பு முழுக்கச் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழி தின்பதற்கும், குறிப்பாகக் கழுத்து, தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். கோழியில் இருக்கும் கேம்பைலோபாக்டர் கிருமிதான் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள். அபூர்வமான நோய்தான், ஆனால் வேகவைத்தால் போய்விடும் ஓர் ஆபத்தை எதற்காக ஏற்க வேண்டும்?

கிருமியை விட்டுவிடுவோம். கிருமியே இல்லாத கறி கிடைத்தாலும் உங்கள் குட்டிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், காரணம் எலும்பு. வெறும் கறியிலும் ஈரலிலும் கால்சியத்தைப்போல் 10 மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கு வேண்டியது கால்சியம் பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் அதிகம். உணவில் கால்சியம் கிடைக்காதபோது உடம்பு சும்மா இருக்காது, ரத்தத்தில் அளவு குறையக் கூடாதே என்று எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பல வருஷங்களுக்கு முன் என்னிடம் நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சோபாவில் இருந்து குதித்ததும் கால் ஒடிந்துவிட்டது என்று. எக்ஸ்ரேயில் எலும்பும் சதையும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் தெரிந்தன. எலும்பு தொண்டையில் குத்திவிடுமோ என்ற பயத்தில் எலும்பில்லாத நல்ல கறியாகப் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா அழுதது இன்றும் ஞாபகம் இருக்கிறது, செலவுக்கும் பாசத்துக்கும் அந்த வீட்டில் குறையே இல்லை.

சரி, எலும்போடு சேர்த்துக் கழுத்தாகப் போட்டால் கால்சியம் கிடைத்துவிடுமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் எவ்வளவு என்று தெரியாது, லேப் போன்ற பெரிய இனக் குட்டிக்கு அதிகமானாலும் ஆபத்து. வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே நிறுத்திவிடும், சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது, கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளர அதுவே ஒரு காரணம். அதனால்தான் ட்ரை ஃபுட் தின்னும் குட்டிக்குக் கூடவே கால்சியம் சிரப் ஊற்றும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன், கேட்காமலேயே கடையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது ட்ரை ஃபுட். நம் ஊரில் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பெடிக்ரீ என்றே சொல்வார்கள், அதனால் எல்லாம் ஒன்று என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. ஒன்றல்ல. அதோடு பாக்கெட் உணவு என்றாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2007-ல் சீனாவில் இருந்து வந்த கோதுமைப் பசையத்தில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்ததால் அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனைகளின் சிறுநீரகம் கெட்டது. 2020 கடைசியில் அங்கேயே மக்காச்சோளப் பூஞ்சை விஷமான அஃப்லாடாக்ஸின் கலந்த தீனியால் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. அஃப்லாடாக்ஸின் சூட்டில் அழியாது. ஈரமான சாக்கில் வளரும் பூஞ்சைதான் அதைச் சுரக்கிறது, அதனால்தான் நீங்கள் லூஸாக வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. பிரித்த சாக்கு கடையில் எத்தனை நாள் கிடந்தது, எந்த பேட்ச், எந்தத் தேதி, மேலே தெளித்த கொழுப்பு சிக்கு வாடை அடிக்கிறதா, எதுவும் நமக்குத் தெரியாது. விலை கொஞ்சம் கூடினாலும் மூடிய பாக்கெட்டாக, ஐந்தாறு வாரத்தில் தீர்ந்துவிடும் அளவில் வாங்கி, அந்தப் பையோடேயே மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள்.

பாக்கெட்டில் "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று இருக்க வேண்டும், முழுமையான உணவு என்றும் இருக்க வேண்டும், துணை உணவு என்று இருந்தால் அது நொறுக்குத்தீனி. பிராணித் தீனிக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் அளவுகளின்படி குட்டிக்கு ஈரம் நீக்கிய எடையில் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், கால்சியம் 1.2-க்குக் குறையாமல், பெரிய இனத்துக்கு 1.8-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட கணக்கில் இது சுமார் 1.1 முதல் 1.6 வரை வரும். கால்சியம் "குறைந்தபட்சம்" என்று மட்டும் போட்டுவிட்டு மேல் எல்லையைச் சொல்லாத பாக்கெட்டை நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். தானியமில்லாதது என்று பெரிதாகப் போட்டு விற்பதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சில தீனிகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவில் 2018-ல் இருந்து விசாரித்தார்கள், முடிவாக நிரூபணமாகவில்லை, ஆனால் தானியத்தை நீக்கியதால் நாய்க்குக் கூடுதல் நன்மை என்பதற்கும் ஆதாரமில்லை.

அளவு. 16 கிலோக் குட்டி ஓய்வாக இருக்க ஒரு நாளைக்கு 560 கிலோ கலோரி வேண்டும், வளர்ச்சிக்காக அதை இரட்டிப்பாக்கினால் 1120. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 380 கிலோ கலோரி என்று இருந்தால் ஒரு நாளைக்கு 290 முதல் 300 கிராம், மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். லேப் எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும், அந்த முகத்தைப் பார்த்து இரங்கினால் மூட்டுத்தான் பின்னால் கஷ்டப்படும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கறி வாசனைக்கு ஏங்குகிறான் என்றால், ட்ரை ஃபுட்டில் 30 கிராம் குறைத்துவிட்டு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி 60 கிராமோ, வெந்த முட்டை ஒன்றோ சேருங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது, குழம்பில் இருந்து எடுத்துக் கழுவிய கறியும் கூடாது. வேகவைத்த எலும்பு எந்த வயதிலும் வேண்டாம், ஊசியாகப் பிளக்கும். பச்சைக் கறியில் இருந்து ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும், கோழியை வேகவைத்து, அதில் கொஞ்சமாக ட்ரை ஃபுட் கலந்து, ஏழெட்டு நாளில் அளவை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

வீட்டிலேயே முழுக்கச் சமைத்துப் போட ஆசைப்பட்டால் அது தவறில்லை, ஆனால் இணையத்தில் பார்த்த செய்முறையை நம்பி இறங்காதீர்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் இப்படி 200 செய்முறைகளைச் சோதித்தபோது 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. வெறும் தயிர்ச்சாதமும் பாலும் அந்தக் கணக்கில் இன்னும் கீழே வரும். குட்டிக்கு ஒரு வயது தாண்டட்டும், அதன் பிறகு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிக தூரமில்லை, அங்கே ஊட்டச்சத்துத் துறையில் கேட்டு உங்கள் நாயின் எடைக்கு ஏற்ற உணவுத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது குட்டியை மேசையில் உட்கார வைத்துப் பார்ப்பதோடு விடாமல் தரையில் நடக்க விட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நொண்டுகிறானா, முன்கால் பாதம் தட்டையாக விரிகிறதா, மாடிப்படி ஏறத் தயங்குகிறானா என்று நீங்களும் கவனியுங்கள், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். பூச்சி மருந்து கொடுத்த பிறகு சில நாள் மலத்தைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள், அதுவரை மகள் அவனை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச வேண்டாம், தொட்டு விளையாடினால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.