மணல், சிப்பி, சருகு, சாக்குத் துணி ஒட்டிச் செய்த ஓவியம் மழைக்காலத்தில் உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. எந்தப் பசை நல்லது?

பசையை மாற்றுவதற்கு முன் மணலைக் கழுவுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரையில் அள்ளிய மணலில் உப்பு இருக்கும், சிப்பியிலும்தான். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஃபெவிகால் வகைப் பசை ஈரம் தங்கினால் இளகும், ஓரம் கிளம்பிவிடும். நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, வெயிலில் காயப்போட்டுவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

சவுக்குக் காய், வாதாம் சருகு, மயில்கொன்றை நெற்று இவையெல்லாம் மேலுக்குக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். சித்திரை, வைகாசியில் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வதே நல்லது. விதைகளுக்குள் வண்டு இருக்கலாம். பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.

எனக்குப் பிடித்தது தென்னம்பன்னாடைதான். மரமே நெய்து கொடுத்த துணி அது. காசு கொடுத்து வாங்கும் எந்தத் துணியிலும் அந்த இழை வராது. பவளத் துண்டு, கடல்குதிரை பக்கம் மட்டும் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

கேன்வாஸ் வேண்டாம். பாரம் ஏறினால் தொய்ந்து, மேலே பூசியது வெடிக்கும். பிளைவுட் வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றிலும் பிரைமர் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும்.

மேடு எழுப்ப விலை கூடிய பேஸ்ட் தேவையில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்த ‘மக்கு’ என்னும் கலவையால் நகையையும் தூணையும் மேடாக்குவார்கள். அதே வழிதான்: சாக்பொடியும் ஃபெவிகாலும், இட்லி மாவுப் பதத்தில். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. ஒரேயடியாகக் கனமாக அப்பினால் விரிசல் விடும்.

ஒட்டி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் அடித்துவிடுங்கள். சிப்பியைச் சிப்பியாகவே விட்டால் கடற்கரைக் கடையில் விற்கும் பொம்மை மாதிரி ஆகிவிடும். அது என் அபிப்பிராயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நிறம் காய்ந்தபின் அடர்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேட்டை மட்டும் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும் அந்த அடர்நிறம்தான் ஓவியத்துக்கு உயிர்.

ஒருநாள் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-ல் உருவாக்கியது. பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களை எங்கே பார்த்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். எதை எங்கே மேடாக விடுவது, எங்கே வெறுமையாக விடுவது என்பது அதில் புரியும்.

மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்துவிட்டு, பலகைக்குப் பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். காற்றுப் போக இடம் இருந்தால் பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் வராது.