பிட்ச் மேல மட்டும் மிதிக்காதீங்க: கிரிக்கெட் மைதானத்து ராக் கச்சேரிகள், கேள்வி பதில்

கே: அண்ணா, கிரிக்கெட் மைதானத்தில் ராக் கச்சேரி எப்போது ஆரம்பித்தது?

'இதுதான் முதல்' என்று அடித்துச் சொன்னால் வம்பு. பேச்சைத் தொடங்க நல்ல இடம் லண்டன் ஓவல், 1971 செப்டம்பர் 18. வங்கதேச நிவாரண நிதிக்காக நடந்தது. தி ஹூ, ஃபேசஸ், மாட் தி ஹூப்பிள், லிண்டிஸ்ஃபார்ன் என்று ராக் குழுக்கள் நாள் முழுக்க வரிசையாக ஏறின. கூட்டம் 30,000-ஐத் தாண்டியது. தி ஹூவின் டிரம்மர் கீத் மூன், குச்சிக்குப் பதில் கிரிக்கெட் மட்டையால் டிரம்மை அடித்தார். பீட் டவுன்ஷெண்ட் வழக்கம்போல கிட்டாரை உடைத்தார்.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதற்குச் சரியாக 25 நாள் முன்பு, ஆகஸ்ட் 24 அன்று, இதே ஓவலில்தான் இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட். நம்ம வெங்கட்ராகவனும் அந்த அணியில் இருந்தார்.

கே: ஏன் செப்டம்பர்? கோடையில் வைத்தால் கூட்டம் இன்னும் வருமே?

கூட்டம் வரும், புல் போய்விடும். இங்கிலாந்தில் கவுண்டி சீசன், அதாவது உள்நாட்டு அணிகளின் கிரிக்கெட் சீசன், செப்டம்பரில் முடிகிறது. அதன்பின் எப்படியும் பிட்ச் பகுதியைச் சுரண்டி, விதை தூவி, புது களிமண் போட்டுச் சீர்செய்வார்கள். கச்சேரியில் ஏதாவது கெட்டாலும் அந்த வேலையோடு வேலையாகச் சரிசெய்துவிடலாம். 1972-இல் எமர்சன் லேக் அண்ட் பாமரும் ஜெனிசிஸும் ஓவலில் வாசித்ததும் செப்டம்பர் 30-இல்தான்.

பின்னாளில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்தில் ஆர்க்டிக் மங்கீஸ் 2007 ஜூலையில், நடு சீசனில் வாசித்தார்கள். நாலு நாள் கவுண்டி ஆட்டத்துக்கு வரும் சொற்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

கே: பிட்ச் மேல் பலகை போட்டு மூடிவிட்டால் போதாதா சார்?

போதாது. பிட்ச் என்பது களிமண்ணை வாரக்கணக்கில் ரோலர் ஓட்டி இறுக்கிய தரை. மூடி வைத்தால் அடியிலிருக்கும் ஈரம் மேலே ஏறி மண் இளகும். அதன்மேல் ஆயிரம் பேர் குதித்தால் ஒரு இடம் அமுங்கும், பக்கத்து இடம் அமுங்காது. அடுத்த ஆட்டத்தில் ஒரு பந்து முட்டியில் வரும், அடுத்தது தாடையில் வரும். அதனால் கவுண்டி மைதானங்களில் பிட்ச் பகுதியைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, மேடையை பவுண்டரி ஓரமாகத் தள்ளுவதுதான் பாதுகாப்பு.

பிட்ச் பகுதியைச் சுற்றியுள்ள புல்வெளியான அவுட்ஃபீல்டின் கதை வேறு. அங்கே ஒளி ஊடுருவும், துளையுள்ள பிளாஸ்டிக் ஓடுகளைக் கோத்துப் பரப்பலாம். செய்முறை சுருக்கமாக:

போடுவதற்கு முன் பூஞ்சைக்கொல்லி அடிக்க வேண்டும். முந்தைய நாள் தண்ணீர் விடக் கூடாது. லாரி, கிரேன் போகும் தடத்தில் பிளாஸ்டிக் ஓடு தாங்காது, அங்கே அலுமினியத் தகடு வேண்டும். குளிர்ந்த வானிலையில் இரண்டு மூன்று நாள் புல் தாக்குப்பிடிக்கும். வெயில் காலத்தில் ஓடுக்கு அடியில் புழுக்கம் ஏறி ஒரே ராத்திரியில் பூஞ்சை பிடிக்கலாம். கச்சேரி முடிந்ததும் முதலில் பிரிக்க வேண்டியது ஓடுகளைத்தான், மேடையை நிதானமாகப் பிரிக்கலாம். பிறகு மடங்கிய புல்லை பிரஷ் செய்து நிமிர்த்தி, இறுகிய இடங்களில் 20 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு மணல் நிரப்ப வேண்டும். மஞ்சள் பூத்த புல் தேறிவிடும். மண் இறுகியதைக் கவனிக்காமல் விட்டால்தான் அடுத்த மழையில் தண்ணீர் தேங்கி ஆட்டம் நின்றுபோகும்.

கே: மெல்போர்னில் நடு மைதானத்திலேயே மேடை போட்டார்களே?

எட் ஷீரன், 2023 மார்ச். நடுவில் வட்ட மேடை, சுற்றிலும் ஜனம். ஒரே ராத்திரியில் சுமார் 1,09,500 பேர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் அங்கே மூன்று நாள் பாடியபோது நாளுக்கு 96,000 பேர்தான். மவுசு குறைவு என்று சிலர் சண்டை போடுகிறார்கள், வீண் சண்டை. ஓரத்தில் மேடை போட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் கேலரியை விற்க முடியாது, அவ்வளவுதான்.

அங்கே நடுப்பகுதியைப் பயன்படுத்த வசதி செய்வது டிராப்-இன் பிட்ச். வெளியே வளர்த்து, சீசனுக்குக் கொண்டுவந்து குழியில் இறக்குவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 30 டன். சீசன் முடிந்ததும் தூக்கிவிட்டால் நடு மைதானம் வெறும் புல்தரை. 1977-இல் ஆஸ்திரேலிய டி.வி. முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்கு வழக்கமான மைதானங்கள் கதவடைத்ததால் பிறந்த யோசனை இது. மெல்போர்னுக்கு 1996-இல் வந்தது. டேவிட் போவி 1978-இல் அங்கே கொட்டும் மழையில் பாடியபோது இந்த வசதியெல்லாம் கிடையாது.

கே: பின்வரிசையில் பாட்டு ஏன் ரெண்டு ரெண்டாகக் கேட்கிறது?

ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.29 விநாடி தாமதம். அங்கே ஒரு ஸ்பீக்கர் கோபுரம் இருந்தால் அதன் சத்தம் முதலிலும் மேடைச் சத்தம் பிறகும் கேட்கும். அதனால் கோபுரத்தையும் அதே அளவு தாமதித்து, மேலே 10–15 மில்லி விநாடி சேர்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் சத்தம் மேடையிலிருந்து வருவதாகக் காது நம்பும். மதியம் சரிபார்த்த அளவை ராத்திரியும் அப்படியே விட்டால் சிக்கல்: 8 டிகிரி குளிர்ந்தால் 100 மீட்டரில் 4 மில்லி விநாடி நகர்ந்துவிடும்.

இன்னொன்று எதிர்க் கேலரியின் எதிரொலி. 140 மீட்டர் போய்த் திரும்ப 0.8 விநாடி ஆகும். இதற்குத் தாமதக் கணக்கு உதவாது. ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, காங்கிரீட்டில் படாமல் ஆட்கள் மேல் படும்படி வைக்க வேண்டும்.

கே: மைக்கேல் ஜாக்சன் வான்கடேயில் ஆடினாராமே, உண்மையா?

இல்லை. 1996 நவம்பர் 1, அந்தேரி விளையாட்டு வளாகம். வான்கடே இல்லை.

நிஜமாகவே கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது வேண்டுமென்றால் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். முதல் ஐ.பி.எல். இறுதிப்போட்டி நடந்த இடம். 2019 டிசம்பர் 15-இல் யூ2 அங்கே வாசித்தபோது ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறி 'அஹிம்சா' பாட்டில் சேர்ந்துகொண்டார். அந்தப் பாட்டில் குறள் வருகிறது. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே அங்கே மூன்று நாள் வாசித்துவிட்டு அகமதாபாத் போனார்கள்.

கே: நம்ம ஊரில் பத்து மணிக்கே ஏன் நிறுத்துகிறார்கள்?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருடத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்த்தலாம், ஆனால் அது பண்டிகைகளுக்கே போய்விடும். கடைசிப் பாட்டை 9:50-க்கு வைத்துத் திட்டமிடுங்கள்.

கே: கச்சேரி முடிந்த புல்லில் காந்தம் வைத்த வண்டி ஓட்டுவது எதற்கு?

ஆணி, போல்ட், நட்டு. டைவ் அடிக்கும் ஃபீல்டரின் தொடையைக் கிழித்துவிடும். ஆனால் அலுமினியமும் கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டையும் காந்தத்தில் ஒட்டாது. வெட்டிய டை முனை பிளேடு மாதிரி. அதற்கு இருபது பேரை ஒரு கை இடைவெளியில் நிற்க வைத்து, குனிந்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கவிட வேண்டும். பிறகு குறுக்காக இன்னொரு தடவை.