பரணுக்குப் போன ஒப்பாரி

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு என் வாழ்க்கையில் எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக நடந்துவிட்டன. பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு முடிந்து முனைவர் பட்டம் கிடைத்தது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள் என் ஆய்வுப் பொருள். 2017இல் பதிவு செய்தேன். கொரோனாக் காலம் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டது. ஜூனில் திருமணம். ஆகஸ்டில் சென்னைக்குக் குடிவந்து, தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். எல்லோரும் வாழ்த்துகிறார்கள், எனக்கோ உள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருக்கிறது. காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றை மறந்துவிட்டதாகப் பதறுகிறேன். ஆய்வேடு முடிந்துவிட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. களக் குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கையும் ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி அம்மா வீட்டுப் பரணில் போட்டுவிட்டேன். இனி அவற்றைத் திரும்பிப் பார்க்கவும் மனமில்லை. இந்த வெறுமையை எப்படிக் கடப்பது? கல்லூரி வேலையிலேயே இருப்பதா, முதுமுனைவர் ஆய்வுக்கு வெளிநாடு செல்ல முயல்வதா? என்றாவது இந்த ஆய்வு நூலானால் நீங்கள் முன்னுரை எழுதித் தருவீர்களா?

க.

அன்புள்ள க.,

வாழ்த்துகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் திட்டப் போகிறேன்.

வெறுமையைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. எட்டாண்டுக் காலம் ஒரே கேள்வியோடு தூங்கி எழுந்தவருக்கு அந்தக் கேள்வி இல்லாத காலை விசித்திரமாகத்தான் இருக்கும். சில மாதங்களில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் நல்ல மருத்துவரைப் பாருங்கள், எழுத்தாளனிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். வேலையா, வெளிநாடா என்பதை உங்கள் நெறியாளரும் உங்கள் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அதில் எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முனைவர் பட்ட ஆய்வை ஆறு ஆண்டுகளில் முடிக்க வேண்டும், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அந்தச் சலுகையின் கடைசி விளிம்பு வரை நீங்கள் போயிருக்கிறீர்கள். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு சொன்ன 2020இல் ஒப்பாரியை ஆய்வுப் பொருளாக வைத்துக்கொண்டிருந்தவரின் நிலையை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்கள் முகக்கவசத்துடன் ஆளுக்கொரு மூலையில் நின்ற காலம் அது. அதையும் கடந்து ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தது பெரிய காரியம்.

ஆனால் அந்தப் பரண்! கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டி வெகுநேரம் நகரவில்லை. சென்ற மாதம் ஊரில் ஒரு பெரியகாரியத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் ஒலிபெருக்கியில் ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் பதிவு. வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அழத் தெரிந்த கடைசி இரண்டு கிழவிகளும் போய்விட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்போதிருந்து என் மனத்தில் இருந்த கேள்வி, அந்தக் கிழவிகளின் பாட்டை யாராவது எங்காவது பதிந்து வைத்திருப்பார்களா என்பதுதான். உங்கள் கடிதம் பதில் சொல்லிவிட்டது. பதிந்து வைத்திருக்கிறார்கள், பரணில்.

ஆய்வேட்டை நூலாக்குவதில் அவசரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி மு. வரதராசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1948இல். அது நூலானது 1957இல். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய ஆய்வை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் முடித்தது 1970இல்; நூல் வெளிவந்தது 1981இல். இந்தத் தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை. கபிலரும் பரணரும் ஈராயிரம் ஆண்டுகள் காத்திருந்தவர்கள், இன்னும் பத்தாண்டு காத்திருப்பதில் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்களுக்குப் பாடியவர்கள் அப்படிப்பட்டவர்களா? 2018இல் அறுபத்தைந்து, எழுபது வயதில் உங்கள் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து அழுத பெண்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இறந்தவர்களுக்காக அவர்கள் பாடிய பாட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. அவர்கள் இறந்த செய்தி உங்களுக்கு வந்ததா?

என் அப்பத்தா ஒப்பாரி சொல்வதில் பேர் பெற்றவர். பக்கத்து ஊர்களில் பெரிய சாவு விழுந்தால் அவருக்கு ஆள் வரும். எழுபதுகளின் இறுதியில், கறுப்பு டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆராய்ச்சி மாணவர் எங்கள் ஊருக்கு வந்தார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொல்லக்கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று அப்பத்தா முதலில் மறுத்துவிட்டார். அந்த மாணவர் விடாமல் கெஞ்சவே, கண்மாய்க் கரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடினார். பாடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அது நிஜ அழுகையாகிவிட்டது. சின்ன வயதில் பறிகொடுத்த மகனையும், தாய் போன பிறகு சீர் நின்றுபோன பிறந்த வீட்டையும், வாசற்படி ஏறவிடாத தம்பி மனைவியையும் வரிசையாக இழுத்து வைத்து அழுதார். ஒப்பாரியில் வருகிற வீடெல்லாம் மாடிவீடு, குடமெல்லாம் தங்கக்குடம்; அழுகிறவர் வாழ்ந்தது கூரைவீடு. எங்கள் வீட்டில் யாரிடமும் அவர் சொல்லியிராத கதைகளை அன்று அந்த மாணவரின் இயந்திரத்திடம் சொன்னார் என்பது அருகில் நின்ற சிறுவனான எனக்கே புரிந்தது. அவர் ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது, தன் குரலைத் தானே முதன்முதலாகக் கேட்ட அப்பத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். புத்தகம் போட்டதும் கொண்டுவந்து தருகிறேன் அப்பத்தா என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு வரவே இல்லை. பட்டணத்திலிருந்து யார் வந்தாலும் அப்பத்தா விசாரிப்பார்: “அந்தத் தம்பி புத்தகம் போட்டுச்சா?” கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

பின்னாளில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஆய்வேட்டைப் பார்த்தேன். கறுப்பு ரெக்ஸின் அட்டை, பொன்னிற எழுத்து. நன்றியுரையில் துணைவேந்தர் முதல் தட்டச்சு செய்தவர் வரை எல்லோரும் பெயரோடு இருந்தார்கள். அப்பத்தாவின் பாட்டும் இருந்தது, ஆனால் அவருடைய பேச்சில் இல்லை. ‘பெத்தவளே’ என்று அவர் அழுத இடத்தில் ‘பெற்றவளே’ என்று திருத்தியிருந்தார்கள். அடியில் ஊர்ப் பெயரும், ‘மூதாட்டி, வயது சுமார் 60’ என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன. அந்த ஆய்வாளர் தீயவர் அல்லர். பாடல்களை ஓர் அடிகூட விடாமல் எழுதி எடுத்திருந்தார், அந்த ஏடு இல்லையென்றால் எனக்கு அந்தப் பாட்டும் இல்லை. அவரும் உங்களைப் போலவே பட்டம் பெற்றார், திருமணம் செய்துகொண்டார், வேலைக்குப் போனார், ஒலிநாடாக்களைத் திரும்பிப் பார்க்க மனமில்லாதவராக ஆனார் என்றுதான் நினைக்கிறேன்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டிருந்த நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். வட்டாரச் சொற்களைத் திருத்தாமல் அப்படியே விட்டுக் கீழே பொருள் தந்திருப்பார். பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று குறிப்பு இருக்கும். அவருக்காகப் பாடல் சேகரித்தவர்களில் பலர் கட்சித் தோழர்களும் பள்ளி ஆசிரியர்களும்தான். அவர்களுடைய பெயரைப் போடுவதால் தன் பெயர் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. நீங்கள் அதிலிருந்து ஓரடி முன்னே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வேட்டைச் சோத்கங்கா என்ற ஆய்வேடுகளுக்கான இணையதளத்தில் ஏற்றியாயிற்று, வேண்டுவோர் யாரும் படிக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். திருப்பத்தூர்ப் பக்கத்து நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் அதில் தன் தாயின் பாட்டைத் தேடி எடுப்பாளா? அவள் பள்ளி இறுதி வரை படித்தவளாகவே இருக்கட்டும். ‘ஒப்பாரிப் பாடல்களில் உளவியல் கூறுகள்’ என்ற இயலுக்குள் புகுந்து அவள் எதைக் கண்டுபிடிப்பது? அந்த இயல்கள் தேர்வாளர்களுக்காக எழுதப்பட்டவை. பட்டம் வந்துவிட்டது, அவற்றின் வேலை முடிந்தது. கோட்பாட்டு இயலை முதலில் வெட்டி எறியுங்கள். பாட்டும், பாடியவரின் வாழ்க்கையும், எந்தச் சாவில் யாருக்காகப் பாடியது என்ற செய்தியும் மட்டும் இருந்தால் போதும்.

ஆனால் நூலுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பரண் சூட்டில் கெட்டுப்போவதற்குள் இரண்டு படி எடுங்கள். ஒவ்வொருவரின் பதிவையும் தனித்தனியாகப் பிரித்து, ஊர் ஊராகப் போய் அவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ கொடுங்கள். அவர்களும் கைப்பேசி வைத்திருப்பவர்கள்தான். சிலர் வேண்டாம் என்பார்கள். நல்ல நாளும் பொழுதுமாக ஒப்பாரியை வீட்டில் போட முடியுமா என்று கோபிப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், என் அப்பத்தாவும் அதையே சொன்னார். வீட்டுக்குள் கேட்க மாட்டாத மகள் வயலில் தனியாக இருக்கும்போது கேட்பாள். தாயின் ஒரு புகைப்படம்கூடச் சரியாக இல்லாத வீடுகள் அவை. அங்கே ஒரு மணி நேரக் குரல் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடும்பச் சண்டைகளைப் பாட்டில் சொன்ன பெண்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டால் விட்டுவிடுங்கள். கேட்காமலே நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

வெளிநாடு போவதென்றாலும் இதை முடித்துவிட்டுப் போங்கள். கல்லூரியில் இருப்பதென்றால் பொங்கல் விடுமுறை இருக்கிறது. புதிதாகத் திருமணமானவள் ஒப்பாரியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதா என்று யாராவது சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

முன்னுரை கேட்டிருந்தீர்கள். தருகிறேன். ஆனால் மெய்ப்புப் படியை முதலில் அனுப்புங்கள். ஒவ்வொரு பாட்டின் அடியிலும் பாடியவரின் பெயர் இருக்கிறதா, இல்லாத இடத்தில் வேண்டாம் என்று சொன்னது அவர்தானா என்று பார்த்த பிறகே எழுத உட்காருவேன்.