மூன்று கோட் ஒன்றாக வந்தால் ஈ.சி.யூ.வை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய 20 தொன் எக்ஸ்கவேட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மழையில் சேறாகிக் கிடந்ததை பிரஷர் பம்ப் போட்டுக் கழுவி, மறுநாள் வேலைக்கு விட்டோம். டிஸ்பிளேயில் 157-4, 102-4, 3509-4 என மூன்று பிழைக் கோட் வந்தன. என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை. ஸ்கேன் பண்ணியவர் ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது, தன்னிடம் பாவித்தது ஒன்று இருக்கிறது, நாலரை இலட்சம் என்கிறார். மாற்றலாமா? (வெல்லம்பிட்டி வாசகர்)

மாற்றாதீர்கள். முற்பணமும் கொடுக்காதீர்கள். எதையும் அழிக்காமல் அந்த மூன்று கோடையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்கேன்காரர் செய்யும் முதல் வேலையே கோடை அழிப்பதுதான். அழித்ததும் டிஸ்பிளே சுத்தமாகத் தெரியும், காசு கைமாறும், மறுநாள் காலையில் அதே கோட் திரும்பி வந்து நிற்கும்.

உங்கள் கோடின் முதல் எண் எந்த லைன் என்பதையும், நடுவிலுள்ள சிறு கோட்டுக்கு (-) அப்பால் வரும் எண் அந்த லைனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்கிறது. 157 டீசல் ரெயிலின், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைக் கொடுக்கும் குழாயின், அழுத்தம். 102 டர்போவிலிருந்து வரும் காற்றின் அழுத்தம். இரண்டாவது எண் 4 என்றால் வோல்ட் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, அல்லது வயர் எங்கோ பொடியில் (மெஷினின் இரும்பு உடலில்) முட்டுகிறது. கோட் வீதியின் பெயரைச் சொல்லும், வீட்டு இலக்கத்தைச் சொல்லாது. 157 என்று வந்தவுடன் ரெயில் சென்சரை வாங்கி மாட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு வந்த மூன்றில் முக்கியமானது 3509. சென்சர்களுக்கு ஈ.சி.யூ. அனுப்பும் 5 வோல்ட் லைன் அது. பல சென்சர்கள் இந்த ஒரே 5 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனாலும், ஒரு பிளக்கில் தண்ணீர் தேங்கினாலும், மொத்த லைனும் இறங்கிவிடும். அப்போது பிழையில்லாத சென்சரும் கோட் போடும். கழுவிய மறுநாள் மூன்றும் சேர்ந்து வந்ததென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று போதும். பல்ப் வைத்த டெஸ்ட் லாம்பைக் கொண்டு இந்த வயர்களைத் தொடவே வேண்டாம். முதலில் பற்றரி: இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது சுமார் 28. எர்த் வயர் இறுக்கமாக இருக்க வேண்டும். இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள்.

அப்புறம் என்ஜினை நிறுத்தி, திறப்பை மட்டும் ஓன் பண்ணி, டர்போ காற்று சென்சரின் பிளக்கைக் கழற்றுங்கள். மீற்றரின் கறுப்பு வயர் பற்றரி நெகட்டிவில் இருக்கட்டும். சிவப்பால் பிளக்கின் ஒவ்வொரு பின்னையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வயர் தோலில் ஊசி குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டையால் ஈரம் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் அங்கேயே பச்சை பூத்திருக்கும். ஒரு பின்னில் 5 வோல்ட் வந்தால் குற்றவாளி நீங்கள் இப்போது கழற்றிய சென்சர், அல்லது அதன் பிளக். வராவிட்டால் அதைக் கழற்றியபடியே விட்டு, ரெயில் சென்சரின் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும்தான், சென்சரைத் திருகக் கூடாது. ஓடும்போது அந்த ரெயிலில் 1,000 பாருக்கு மேல் டீசல் நிற்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியதும் மீற்றர் துள்ளி 5க்கு ஏறுகிறதோ அதுதான் உங்கள் பிரச்சினை. பிளக்கை கொன்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். மறுபடி இறங்கினால் அந்த ஒரு சென்சரை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் 5 வராவிட்டால் திறப்பை ஓஃப் பண்ணி, பற்றரியையும் ஈ.சி.யூ. பிளக்கையும் கழற்றி, அந்த 5 வோல்ட் வயருக்கும் பொடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹார்னஸ் (வயர்க்கட்டு) எங்கோ உரசியிருக்கிறது. கிளிப் கழன்று பிரக்கட்டின் விளிம்பில் படுத்த இடம், எக்ஸோஸ்ட் பக்கம், கேபினுக்குள் நுழையும் ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். தொடர்பே இல்லையென்றால்தான் ஈ.சி.யூ.வைச் சந்தேகிக்கலாம்.

ஈ.சி.யூ. போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. அது போவதற்குப் பெரும்பாலும் ஒரு வரலாறு இருக்கும். பக்கெட் பல் கழன்றதும் பற்றரியைக் கழற்றாமல் அப்படியே வெல்டிங் வைப்பார்கள். எர்த் கிளாம்ப் செயினில் இருக்கும், வெல்டிங் பக்கெட்டில் நடக்கும், கரண்ட் நடுவில் உள்ள எல்லாவற்றுக்கும் ஊடாகப் போகும். அல்லது பற்றரி இறங்கியிருக்க, அவசரத்தில் லொறியிலிருந்து வயரை மாறிக் கொடுத்திருப்பார்கள். ஆகவே உங்கள் ஒப்பரேட்டரிடம் கேளுங்கள், ஆனால் சத்தம் போட்டுக் கேட்காதீர்கள். சம்பளத்தில் பிடித்துவிடுவீர்கள் என்ற பயத்தில் அவர் எதுவும் நடக்கவில்லை என்பார். "யாரும் வெல்டிங் வைத்தார்களா, பல் மாற்றினீர்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் விஷயம் வரும். அப்படி ஏதும் நடந்திருந்தால் ஸ்கேன்காரர் சொன்னது உண்மையாக இருக்க இடமுண்டு. அப்போதும் அவருடைய பாவித்த ஈ.சி.யூ. வேண்டாம். பல என்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த எண்ணும் ஈ.சி.யூ.வுக்குள் பதியப்பட்டிருக்கும். வேறு மெஷினிலிருந்து கழற்றியதில் இருப்பது வேறு இன்ஜெக்டர்களின் எண். பாகத்தின் எண்ணும் மென்பொருளும் பொருந்த வேண்டும், பிறகு புரோகிராம் பண்ண வேண்டும். "பிளக் பண்ணினால் போதும்" என்பவரை அனுப்பிவிடுங்கள். பாவித்த பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் மின் பாகத்தைப் பொருத்திவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தொல்லையில் பாதிக்கு ஒரு வயரிங் படம் கையில் இல்லாததே காரணம். வரி கட்டி இறக்கிய மெஷின், ஆனால் எந்த சென்சர் எந்த 5 வோல்ட்டில் ஓடுகிறது என்று காட்டும் தாள் உரிமையாளரிடம் இல்லை. முகவரிடம் போனால் நாங்கள் இறக்கியது அல்ல என்பார்கள், மென்பொருளுக்கும் பூட்டு. லீசிங் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். இந்த இடைவெளியில்தான் ஒருவரே நோயையும் சொல்லி மருந்தையும் விற்கிறார். யார் பிழையைக் கண்டுபிடிக்கிறாரோ அவரிடம் பாகத்தை வாங்காதீர்கள்.

உங்கள் ஸ்கேன்காரர் திரும்பி வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "5 வோல்ட்டை எந்தப் பிளக்கில் அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது?" உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் ஸ்கேன் பண்ணிய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள். நீங்களே அளந்தால் எந்தப் பிளக்கைக் கழற்றியபோது எத்தனை வோல்ட் வந்தது என்று எழுதி அனுப்புங்கள், மீதியைப் பார்க்கலாம்.